மாஸ்டர் கை வைத்த லேப்டாப்

லேப்டாப் மறுபடியும் மண்டையைப் போட்டது.

அதுவும் எப்போது? முதல் ரிப்போர்ட்டின் கடைசி வரியில். திரை வெளிறியது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. 'செயல்படவில்லை' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் தானாகவே மூடிக்கொண்டு போயே போய்விட்டது.

"அண்ணா! திரும்பவும் போயிடுச்சு!"

தங்கையின் குரல் கேட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாஸ்டர் தலையை நிமிர்த்தினார்.

போன வாரக் கதையிலேயே இந்த வீட்டுக்குள் வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். இப்போதுதான் வருகிறவர்களும் வாசலில் நிற்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாஸ்டர் ஒரு கம்ப்யூட்டர் இன்ஸ்டிடியூட்டில் பாடம் எடுக்கிறவர். அங்கே பிள்ளைகள் மாஸ்டர் என்று கூப்பிட, அது வீடுவரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. படிக்கட்டில் விழுந்து தோளில் நரம்பு அறுந்துபோன தங்கை அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய வலது கை காகிதம் பறக்காமல் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றுக்கும் இடது கைதான்.

அந்த ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் டைப் செய்து கொடுக்கிறாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை மெயிலில் அனுப்புவார்கள். இவள் கேட்டு, அடித்து, திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டு கைக்காரர்களுக்கே மூச்சு வாங்கும் வேலை இது. இவள் எப்படிச் சமாளித்தாள் என்றால், ஷார்ட்கட். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எழுத்தில் ஒரு சங்கேதம் வைத்திருந்தாள். அந்த இரண்டு எழுத்தை அடித்து ஒரு விசையைத் தட்டினால், 'கல்லீரல் இயல்பான அளவில், இயல்பான தன்மையில் உள்ளது' என்று முழு வரியும் வந்து விழும். சிறுநீரகத்துக்கு ஒன்று, பித்தப்பைக்கு ஒன்று, கல் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. இப்படி வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் அவள் கையைப் பற்றித் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முன்பு பார்த்த வேலையில் சொல்லிப் பட்ட பாடு போதும் என்று இருந்தாள். அங்கே, "பாவம்மா நீ, எதுக்குக் கஷ்டப்படற" என்று சொல்லி, அவளை டைப் மெஷினிலிருந்து கிளப்பி ஃபைல் அடுக்குகிற மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். பாவம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது.

போன வாரத்திலிருந்து மென்பொருள் இப்படி அடிக்கடி விழ ஆரம்பித்திருந்தது. ரிப்போர்ட் தாமதமாகப் போனதற்கு ஏற்கெனவே ஒருமுறை சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. இன்றைக்கு ஒரு பெரிய கட்டு வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் போகவில்லை என்றால் வேலை வேறு ஆளுக்கு.

"தள்ளு, நான் பார்க்கறேன்" என்றார் மாஸ்டர்.

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்து நேரம் இல்ல. இன்னைக்கு எனக்கு கிளாஸ் கிடையாது. ஒரு கை பார்த்துடறேன்."

மாஸ்டரிடம் ஒரு குணம் உண்டு. தெரியாது என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. நேற்று வயர் சரியில்லை என்றார். முந்தாநாள் ஃபேன் காற்று என்றார். அதற்கு முன்னால், தங்கை எங்கிருந்தோ வாங்கிப் போட்ட பென் டிரைவில் வைரஸ் என்றார். ஒவ்வொன்றையும் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி சொன்னார். லேப்டாப்தான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்றைக்கு ஒருமுறை அணைத்துப் போட்டார். இரண்டாம் முறை அணைத்துப் போட்டார். பிறகு, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டுக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார்.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, ஒரு வீடியோவைப் பார்த்தார். யாரோ ஒரு பையன் மூக்கால் பேசினான். இப்படி அடிக்கடி விழுந்தால் மென்பொருளின் அடிப்படை வார்ப்புருக் கோப்பு கெட்டுப்போயிருக்கும், அதை எடுத்துவிட்டால் புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும் என்றான். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு, இதைச் செய்யறதுக்கு முன்னாடி..." என்று அவன் ஆரம்பிப்பதற்கும், மனைவி வந்து கதவைத் தட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"உள்ள என்ன பண்றீங்க? துணி ஊறப் போடணும்!"

மாஸ்டர் வீடியோவை நிறுத்தினார். இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறவருக்கு மூக்கால் பேசுகிற பையன் சொல்லும் மிச்சம் எதற்கு?

திரும்பி வந்து உட்கார்ந்தார். இப்போது விரல்களில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்தார்.

"அண்ணா, என்னோடது எதுவும் போயிடாதே?" என்று தங்கை தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"உன் ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு. நீ போய் டீ குடிச்சிட்டு வா."

அவள் போனாள். மாஸ்டர் அழித்தார். சாதாரணமாக அழிக்கவில்லை. குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல், திரும்ப எடுக்கவே முடியாதபடி அழித்தார். "தொட்டியில போட்டா பாதி சுத்தம், இப்படிப் பண்ணினாத்தான் முழு சுத்தம்" என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே பழக்கமாகிப்போயிருந்தது.

மென்பொருளைத் திறந்தார். பளிச்சென்று திறந்தது. ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார். விழவில்லை.

"ஆச்சு!" என்றார் சத்தமாக.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "அட! அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் வீடு ரெண்டு பட்டுச்சு?" என்று சொல்லிவிட்டு, உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளை உட்கார்ந்தார், சரி பண்ணிவிட்டார், கடைக்காரனே கைவிட்ட லேப்டாப் என்று கொசுறாக ஒன்றைச் சேர்த்தும் சொன்னாள். எந்தக் கடைக்காரனும் அதைப் பார்த்ததே கிடையாது. மாஸ்டர் மறுக்கவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், எல்லாவற்றையும் காதில் வாங்கினார்.

"அண்ணா..."

இந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது.

மாஸ்டர் போய்ப் பார்த்தார். தங்கை இரண்டு எழுத்தை அடித்து விசையைத் தட்டினாள். அந்த இரண்டு எழுத்தும் அப்படியே திரையில் நின்றன. வேறு இரண்டு எழுத்து. அவையும் அப்படியே நின்றன.

"என் கைதான் தப்பா அடிக்குதுன்னு நெனச்சேன். ஒண்ணுகூட வரலையே. லிஸ்டைத் திறந்து பார்த்தா காலியா இருக்கு."

மாஸ்டருக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. ஷார்ட்கட் எல்லாம் அந்தக் கோப்புக்குள்தான் இருந்தன, அந்தப் பையன் எதைச் சொல்ல வாயெடுத்தான், தான் எதை முழு சுத்தம் செய்தோம் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது.

"வேற எங்கயாவது எடுத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இல்லையே. அதுக்குள்ளயேதான் இருந்துச்சு."

இப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார், சொல்லத்தான் திறந்தார். பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். போனில் அவள் அம்மா இன்னும் லைனில் இருந்தாள்.

"நீ எதையாவது அழிச்சிட்டியா?" என்று கேட்டார் மாஸ்டர்.

கேட்டது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

தங்கை திகைத்துப்போய் யோசித்தாள். "காலையில ஒரு பெட்டி வந்துச்சு, அவசரத்துல எதையோ தட்டினேன்... அதுவா இருக்குமோ?"

"அதுவாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. "எப்பப் பார்த்தாலும் அவசரம். கண்டதைத் தட்ட வேண்டியது, அப்புறம் இவரைப் போட்டுப் படுத்த வேண்டியது."

மாஸ்டர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று பூசி மெழுகினார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "ஸாரி அண்ணா, நீ இவ்வளவு கஷ்டப்பட்டு சரி பண்ணின, நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது மாஸ்டருக்கு.

அப்போதுதான் திரை வெளிறியது. வட்டம் சுற்றியது. பெட்டி எட்டிப் பார்த்தது. மென்பொருள் மூடிக்கொண்டது.

மனைவி மெதுவாகப் போனைக் காதிலிருந்து எடுத்து, "அப்புறம் பேசறேம்மா" என்றாள்.

ஆக, அந்தக் கோப்பில் கோளாறே இல்லை. அழித்தது தண்டம். மாஸ்டர் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய், ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து பார்த்தார். இந்த முறை மிடுக்கு இல்லை. பிரிண்டர் பக்கத்தைத் திறந்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று.

அதில் இன்ஸ்டிடியூட் பிரிண்டரின் பெயர் இருந்தது.

போன வாரம் இன்ஸ்டிடியூட்டில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பரீட்சைத் தாள் எடுக்க வேண்டும் என்று தங்கையிடம் லேப்டாப்பைக் கேட்டு வாங்கிப் போனவர் இவர்தான். அண்ணன் கேட்டால் இல்லை என்றா சொல்வாள்? அங்கே போய் அந்தப் பிரிண்டரை இணைத்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்று ஒரு டிக்கும் போட்டார். பிறகு அப்படியே மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து மென்பொருள் பக்கத்தை அளவெடுக்கும்போதெல்லாம் அந்தப் பிரிண்டரைத் தேடியிருக்கிறது. வீட்டில் அது எங்கே இருக்கும்? தேடித் தேடி மூர்ச்சையாகி விழுந்திருக்கிறது.

வயரும் இல்லை, ஃபேனும் இல்லை, பென் டிரைவும் இல்லை. எல்லாம் இவர் போட்ட ஒரே ஒரு டிக்.

அதை எடுத்தார். பிரிண்டரின் பெயரையும் நீக்கினார். பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடி, பக்கம் பக்கமாக அடித்துப் பார்த்தார். அசையவில்லை. கோளாறு உண்மையாகவே தீர்ந்துவிட்டது. ஆனால் இப்போது அதை உரக்கச் சொல்லும் தெம்பு அவரிடம் இல்லை.

அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தனக்குத் தெரிந்த வழியெல்லாம் முட்டிப் பார்த்தார். முழு சுத்தம் என்றால் முழு சுத்தம்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

லேப்டாப்பைக் கொண்டுபோய்த் தங்கை முன்னால் வைத்தார்.

"இனிமே விழாது."

"என்னண்ணா பிரச்சினை?"

"ஏதோ செட்டிங்" என்றார். அதையும் மென்று முழுங்கிவிட்டார்.

அவள் டாக்டரின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடிக்க ஆரம்பித்தாள். இடது கை பலகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்தார், இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவள் அறை வாசல் வரைக்கும் போனார். முதல் தடவை, அவள் திரும்பிப் பார்த்து, "எங்கூட சேர்ந்து உனக்கும் லீவு வீணாப்போச்சு, போய்க் கொஞ்சம் படுண்ணா" என்றாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? இரண்டாம் தடவை மனைவி போனை நீட்டினாள். மாமியார் வீட்டுப் பக்கத்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துக் கிடக்கிறதாம், மாப்பிள்ளை வந்து பார்ப்பாரா என்று கேட்டார்கள். "பார்க்கறேன் அத்தை" என்று அசடு வழிந்துவிட்டு வைத்தார்.

வெயில் தாழ்ந்தபோது வந்த ரிப்போர்ட்டுகளில் பாதிகூட முடியவில்லை. தங்கையின் போன் அடித்தது.

கை வேலையாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். சூப்பர்வைசரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன ஆச்சு உங்களுக்கு? போன வாரமே சொன்னேன்ல? ரிப்போர்ட் வராம ஆளுங்க கீழ நின்னுட்டு இருக்காங்க."

"மன்னிச்சிடுங்க மேடம். என் தப்புதான். காலையில தெரியாம நானே என்னோட செட்டிங் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அதான்..."

வாசலில் நின்ற மாஸ்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விடுவிடுவென்று உள்ளே வந்து மேஜையிலிருந்த போனை எடுத்தார்.

"மேடம், நான் அவ அண்ணன் பேசறேன். தப்பு அவ மேல இல்ல. நான்தான் அழிச்சேன். நான் ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார். சரி பண்றேன்னு உட்கார்ந்து, அவ சேர்த்து வெச்சிருந்த ஷார்ட்கட் எல்லாத்தையும் அழிச்சிட்டு, நீ அழிச்சியான்னு அவளையே கேட்டேன். லேப்டாப் கெட்டதும் என்னாலதான்."

சொல்லிவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. தங்கை நாற்காலியிலிருந்து அவரையே பார்த்தாள்.

சூப்பர்வைசர் அசரவில்லை. "சரி சார், நடந்தது நடந்துடுச்சு. ஷார்ட்கட் இல்லன்னா முழுசா அடிக்க வேண்டியதுதானே? எங்க மத்த பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான் அடிக்கறாங்க. அதுக்கு இவ்வளவு நேரமா?"

"அவங்களுக்கெல்லாம் ரெண்டு கை இருக்கு மேடம்!" என்று மாஸ்டர் படபடவென்று கொட்டினார். "இவளுக்கு ஒரு கைதான் வேலை செய்யும். வலது கை விளங்காது. அந்த ஷார்ட்கட்தான் அவளுக்கு இன்னொரு கை மாதிரி. கொஞ்சம் கருணை காட்டுங்க..."

தங்கை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியதை அவர் தாமதமாகத்தான் பார்த்தார்.

"ஒரு கையா?" என்றது சூப்பர்வைசரின் குரல். "எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

"மேடம், நான் சொல்றேன்..." என்று தங்கை போனை நோக்கி எக்கினாள்.

ஆனால் அந்தக் குரல் இப்போது அவளிடம் பேசவில்லை. அவளைப் பற்றி, அண்ணனிடம் பேசியது.

"இது நான் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்ல சார். மீதி ரிப்போர்ட்டை வேற ஆளுக்கு மாத்திடறேன். நாளைக்குக் காலையில அவங்களை நேர்ல வரச் சொல்லுங்க. பெரிய டாக்டர் முன்னாடி உட்கார்ந்து ரெண்டு ரிப்போர்ட் அடிச்சுக் காட்டட்டும். பார்த்துட்டுச் சொல்றோம்." குரல் சட்டென்று கனிந்தது. "பாவம், பத்திரமா கூட்டிட்டு வாங்க சார்."

போன் அணைந்தது.

தங்கை அழவில்லை. அழுதிருந்தால் மாஸ்டருக்குச் சமாதானம் சொல்லவாவது ஒரு வேலை கிடைத்திருக்கும்.

"நான் உனக்காகத்தான்..." என்று இழுத்தார்.

"எனக்காகன்னா காலையில சொல்லியிருக்கணும். நீ கேட்டப்ப நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? அப்பவே சொல்லியிருந்தா உன்கூட ஒரு சண்டை போட்டுட்டு, ரெண்டு பேருமா உட்கார்ந்து அடிச்சு முடிச்சிருப்போம். ஆஸ்பத்திரியில யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

உண்மைதான். வகுப்பில் ஒரு பிள்ளை சின்னப் பொய் சொன்னாலும் எழுப்பி நிற்க வைக்கிறவர் அவர். இப்போது இந்த அறையில், தங்கை முன்னால், கூனிக் குறுகி நின்றார். மானம் போனதைவிட, அதைக் காப்பாற்றப் பகல் முழுக்கப் பாடுபட்டோமே என்பதுதான் அவரை அரித்தது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீங்களா அழிச்சீங்க?" என்றாள். "அப்ப நான் அவளை அவ்வளவு பேசினேனே, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா" என்றார் மாஸ்டர். அன்றைக்கு வீட்டுக்குள் அவர் சொன்ன முதல் நேரான பதில் அது.

தங்கை லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காலியான பட்டியலைத் திறந்து, முதல் வரியை அடிக்க ஆரம்பித்தாள். கல்லீரல். நாளைக் காலைக்குள் எத்தனை முடியுமோ அத்தனை. மாஸ்டர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீ சொல்லிக்கிட்டே வா, நான் அடிக்கறேன். சீக்கிரம் ஆயிடும்."

"வேண்டாம். நீ இதைத் தொடாத."

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். லீவு சொல்லிடறேன். அவங்ககிட்ட நான் பேசி..."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அண்ணனைத் தாண்டி, வாசலைப் பார்த்தாள்.

"அண்ணி, நாளைக்கு என்கூட நீங்க வர்றீங்களா?"

மனைவி ஒரு கணம் கணவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வர்றேன்" என்றாள். "அடுத்த வரி என்ன, சொல்லு. நான் அடிக்கறேன்."

மாஸ்டர், நன்றாக இருக்கிற தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.